தண்ணீர் காட்டிய கிண்ணம்

பிரச்சினை ஒரு துணிப்பைக்குள் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த பெண் மேசைமேல் வைக்கவும் மனமில்லாமல், மடியில் வைத்துக்கொள்ளவும் பிடிக்காமல், நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இறக்கினாள். அழவே கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது. உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள்.

எதிரே இருந்தவர் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்றுதான் பெயர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எரிந்த கடைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்வது அவர் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. சூடான டீயை ஆறவைத்துக் குடிக்கிற மனிதர் அவர்.

அவருடைய மனைவியின் தம்பி நேர்மாறு. மின்விசிறி விற்பது தொழில். மாமாவின் வழக்குகளில் மூக்கை நுழைப்பது பிழைப்பு. வீட்டில் அவனைப் ‘பட்டாசு’ என்பார்கள். திரி கிள்ளுவதற்கு முன்பே வெடிக்கிற ரகம்.

“யாரு, என்ன பண்ணாங்க? சொல்லுங்கம்மா, ஒரு கை பாத்துடலாம்,” என்றான் பட்டாசு.

“யாரும் ஒண்ணும் பண்ணலங்க. எங்க அக்காதான் என்னைச் சமையல்கட்டை விட்டுப் போன்னுட்டாங்க,” என்றாள் அவள். “அக்கான்னா கூடப்பிறந்தவங்க இல்ல, ஓரகத்தி. அவங்க பெரியவங்க, நான் சின்னவ. ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொழில் பண்றோம்.”

கதை இதுதான். பெரியவள் வேர்க்கடலை வறுத்து, அரைத்து, பீனட் பட்டராகக் கண்ணாடி பாட்டில்களில் அடைப்பாள். சின்னவள் அதே அறையில் மறுபக்கம் பிஸ்கட்டும் கேக்கும் செய்வாள். அதற்குப் பீனட் பட்டர் பவுடரும் வைத்திருப்பாள். இருவருடைய சரக்கும் ஒரே கடைக்குப் போகும். போன வாரம் அந்தக் கடைக்காரர் ஒரு பாட்டிலைத் திருப்பி அனுப்பினார். உள்ளே பூஞ்சை. இன்னொரு முறை இப்படி வந்தால் உங்கள் சரக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“என் பவுடர் பலகாரம் பேர் வாங்கணும்னு அவங்க பாட்டில்ல நான் தண்ணி கலந்துட்டேனாம். வெள்ளிக்கிழமையோட உன் வழியப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. முதல்லேயே அவங்களுக்குப் பவுடர்னா ஆகாதுண்ணா. நான் கரைச்சு வெச்சதைக்கூடக் கேக்காமக் கொட்டிடுவாங்க. அதெல்லாம் நான் பெருசா எடுத்துக்கறதில்ல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நான் அந்த வீட்டுக்கு வந்தப்ப ஒரு முட்டை உடைக்கத் தெரியாது எனக்கு. எல்லாமே அவங்க பழக்கினது. தனியா அடுப்பு போட்டுக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. திருடியப் பாக்கற மாதிரி பாக்கறாங்களே, அதான் தாங்க முடியல.”

நிதானம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, திறக்காமலே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“லேபிள் கோணலா இருக்கு மாமா!” என்றான் பட்டாசு. “லேபிள் ஒட்டறது யாரும்மா?”

“ஒரு தம்பி வராரு. ஒட்டறதும் அவர்தான், கடைக்குக் கொண்டுபோறதும் அவர்தான். ஒழுங்கா ஒட்டுன்னு அக்கா தினமும் திட்டுவாங்க.”

பட்டாசு மாமாவை அர்த்தத்தோடு பார்த்தான். மாமா ஆறிய டீயைக் குடித்து முடித்தார்.

அந்தச் சமையலறையில் யார் ராஜ்ஜியம் எது என்பது நுழைந்த உடனே தெரிந்தது. இடப்பக்கம் கனத்த வாணலி, அரைக்கும் இயந்திரம், கவிழ்த்து வைத்த பாட்டில்கள். வலப்பக்கம் ஓவன், தராசு, சல்லடை, பவுடர் டின். நடுவில் ஒரு குழாயும் தொட்டியும் இரண்டுக்கும் பொது. லேபிள் தம்பி மூலையில் உட்கார்ந்து பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவள் வாணலியில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு சின்ன மணிக்கடிகாரம் தொங்கியது. நேரம் வைத்தால் கிணுகிணுக்கிற வகை. புத்தம் புதியது.

“வாங்க சார். அவதான் கூட்டிட்டு வந்தாளா? வரட்டும். நியாயத்தை நீங்களே சொல்லுங்க.” அவள் பாட்டிலை வாங்கி, முகத்தருகே வைத்து மூடியைத் திருகினாள். “இந்தாங்க, பாருங்க. எப்படிப் பூத்துக் கிடக்குன்னு.”

பட்டாசு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவு வரை போய்விட்டான். லேபிள் தம்பிகூட முகத்தைச் சுளித்தார். பெரியவள் மட்டும் பாட்டிலுக்குள் குனிந்து, கரண்டிக் காம்பால் பூஞ்சையைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பாட்டிலை அடைச்சது நீங்கதானா?”

“நான்தான். அன்னைக்குச் சாயங்காலம் அரைச்சு முடிக்கற நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் எல்லாத்தையும் அடைச்சேன். கடைசியா ஒரு கிண்ணத்துல கொஞ்சம் மிஞ்சியிருந்துச்சு, அதையும் வழிச்சு ஒரு பாட்டில்ல போட்டேன். அரைக்கற பாத்திரத்தைக் கழுவறதுக்குள்ள உசுரு போயிடும் சார். வெந்நீர் ஊத்தி, சோப்பு போட்டு, தேச்சுத் தேச்சு… கிண்ணமாவது குழாய்ல காட்டினதும் போச்சு. கவுத்து வெச்சுட்டு வந்து படுத்தேன். காலைல பாட்டில் எல்லாம் கடைக்குப் போயிடுச்சு. நடுவுல இவளைத் தவிர யாரு இங்க வந்தா?”

“அக்கா, கடலை!” பின்வாசலில் துணி காயவைத்துக்கொண்டிருந்த சின்னவள் உள்ளே ஓடி வந்தாள்.

“மணி இன்னும் அடிக்கல.”

“தாண்டிடுச்சுக்கா!” சின்னவள் அடுப்பை அணைத்தாள்.

“என் கடலையை எனக்குத் தெரியும். நான் வறுத்தா வாசனை அடுத்த தெரு வரைக்கும் போகும். நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?” பெரியவளின் குரல் அறையை நிறைத்தது. சின்னவள் ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். நிதானம் வாணலியிலிருந்து ஒரு கடலையை எடுத்துத் தோல் நீக்கி மென்றார். அடியிலிருந்தவை கறுக்கத் தொடங்கியிருந்தன.

“எனக்குச் சமையல் தெரியாது,” என்றார் அவர். “பட்டருக்கும் பவுடருக்கும் என்ன வித்தியாசம்மா?”

சின்னவள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். தன் தொழிலைப் பற்றிப் பேசுகிறோம் என்றதும் அழுகையை மறந்துவிட்டாள். “பட்டர்னா கடலையை அப்படியே அரைக்கறது. அதுல இருக்கற எண்ணெய் எல்லாம் அதுலயே இருக்கும். பவுடர்னா எண்ணெயைப் பிழிஞ்செடுத்துட்டு மிச்சத்தைப் பொடி பண்றது. பிஸ்கட் மாவுல பட்டரை அள்ளிப் போட்டா எண்ணெய் கசிஞ்சு தட்டுல பரந்துடும்; அங்க பவுடர் போடணும். ஓட்ஸ்ல, பால்ல கலக்கறதுக்கும் பவுடர்தான் சுளுவு. ரொட்டில தடவணும், நூடுல்ஸுக்குச் சாஸ் பண்ணணும்னா பட்டர்தான். அந்த வழவழப்பு பவுடருக்கு வராது. பவுடரைத் தண்ணி விட்டுக் கரைச்சா பட்டர் மாதிரியேதான் இருக்கும், ஆனா அன்னைக்கே தீத்துடணும். மிஞ்சினா ஃப்ரிட்ஜ்.”

“ஒரே கடலைதான் சார், ரெண்டும்,” என்றார் லேபிள் தம்பி. “ஒரே வீட்டுக்கு வந்த ரெண்டு மருமக மாதிரி.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மறுபடி பசையில் கவனமானார்.

நிதானம் நல்ல பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். மேலே எண்ணெய் மிதந்தது. அதைக் கிளறி, ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து, விரலால் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குழைத்தார். இளகும் என்று எதிர்பார்த்த பட்டாசு வாய் பிளந்தான். அது இறுகித் திரிதிரியாகிவிட்டது. இன்னும் தண்ணீர் விட்டதும் வெளுத்துச் சாறாக ஓடியது. பிறகு பழைய காகிதத்தில் இரண்டு இடத்தில் தடவினார்: ஒன்று நல்ல பாட்டிலிலிருந்து, இன்னொன்று கெட்ட பாட்டிலின் அடியிலிருந்து. சற்று நேரத்தில் நல்லதைச் சுற்றி எண்ணெய் ஊறிக் காகிதம் கண்ணாடிபோல் ஆனது. மற்றது சும்மா ஈரமாகி, காய்ந்தது.

“உங்க பட்டர்ல யாரும் தண்ணி கலக்கல,” என்றார் பெரியவளிடம். “கலந்திருந்தா ஒண்ணு இறுகியிருக்கும், இல்லன்னா வெளுத்திருக்கும். இந்தப் பாட்டில்ல உங்க பட்டரே இல்ல. கரைச்ச பவுடர்தான் இருக்கு.”

“பவுடரா?” பெரியவள் கரண்டியை வைத்தாள். “பவுடர் வெச்சிருக்கறது இந்த வீட்டுல ஒருத்திதான். கேட்டியாடி? வெளியாளே சொல்லிட்டாரு.”

தன்னைக் காப்பாற்ற அழைத்து வந்த மனிதர் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற திகைப்பு சின்னவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. நிதானம், “நாளைக்குக் காலைல வரேன். அதுவரைக்கும் யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம்,” என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார்.

“என்ன மாமா இது, கூப்பிட்டவங்களையே மாட்டி விட்டுட்டீங்க?” தெருவில் இறங்கியதும் பட்டாசு வெடித்தான். “எனக்கு அந்த லேபிள்காரர் மேலதான் சந்தேகம். தினமும் திட்டு வாங்கறவன், மனசுல வெச்சுக்கிட்டு…”

“அவர் நமக்கு எதிர்லேயே உக்காந்து ஒட்டினாரே, அந்த லேபிளெல்லாம் எப்படி இருந்துச்சு?”

பட்டாசு யோசித்தான். “எல்லாமே கோணல்தான்,” என்றான் சுரத்தில்லாமல்.

“அந்தம்மா கிண்ணத்தைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“வழிச்சாங்க, கழுவினாங்க, கவுத்தாங்க.”

“எப்படிக் கழுவினாங்க மாப்ள?”

“எல்லாரும் கழுவற மாதிரிதான்!” என்றான் பட்டாசு. வீடு வரும்வரை நிதானத்தின் முகம் சரியாக இல்லை என்பதைப் பட்டாசு கவனித்தான். விடை கிடைத்த நாளில் மாமா இப்படி இருக்க மாட்டார்.

மறுநாள் காலை நால்வரையும் குழாயடியில் நிறுத்தினார். கையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் பட்டர் தடவி வழித்திருந்தார். இன்னொன்றில் சின்னவளைக் கொண்டே பவுடர் கரைத்துத் தடவி வழித்திருந்தார்.

“மாப்ள, குழாய்ல காட்டு.”

பட்டாசு பட்டர்க் கிண்ணத்தைக் காட்டினான். தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டோடியது, பட்டர் அசையவில்லை. விரலால் தேய்த்தான், கை வழுக்கியதுதான் மிச்சம். அடுத்த கிண்ணத்தைக் காட்டினான். ஒரே அலசலில் பளிச்சென்று ஆகிவிட்டது.

“அரைக்கற பாத்திரத்துக்கு வெந்நீரும் சோப்பும் வேணும்னீங்க,” என்றார் நிதானம் பெரியவளிடம், மெதுவாக. “கிண்ணம் குழாய்ல காட்டினதும் போச்சுன்னீங்க. ரெண்டுலயும் ஒரே சரக்கு இருந்திருந்தா அப்படி நடக்காதும்மா. அந்தக் கிண்ணத்துல இருந்தது உங்க பட்டர் இல்ல. அது நமக்கெல்லாம் தண்ணி காட்டிடுச்சு.”

பிறகு சின்னவளைப் பார்த்தார். “கரைச்சு வெச்சதைக்கூடக் கொட்டிடுவாங்கன்னு சொன்னியே. அது என்னைக்கு?”

“கரண்ட் போன அன்னைக்குத்தான்…” என்றவள் நிறுத்தினாள். “ஒரு கேக்குக்கு நடுவுல தடவறதுக்குக் கரைச்சு வெச்சேன். ஓவன் நின்னு போச்சு. கேக்கு நாளைக்குத்தான்னு சொல்ல ஃபோனைத் தேடிப் போனேன். திரும்பி வந்தா கிண்ணம் கழுவிக் கவுந்திருந்துச்சு. அக்காவுக்குப் புடிக்காது, கொட்டிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“ஏன் கேக்கல?”

“பெரியவங்களைப் போய் எப்படிக் கேக்கறது? கேட்டா சண்டைதான் வரும். வாய மூடிக்கிட்டேன்.”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். யாரும் எதையும் கலக்கல. இருட்டுல உன் கிண்ணத்தைத் தன்னோட மிச்சம்னு நெனச்சு வழிச்சுப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்.” நிதானம் கையைத் துடைத்துக்கொண்டார். “கடைக்காரருக்கு இவ்வளவு சொன்னாப் போதும். கிளம்பலாமா மாப்ள?”

இத்தனை சீக்கிரம் மாமா எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. பட்டாசுக்கு மனம் ஆறவில்லை.

“அதெப்படி மாமா? அப்பத்தான் அரைச்ச பட்டர் ஊரையே கூப்பிடற மாதிரி மணக்கும். கரைச்ச பவுடர் அப்படியா மணக்கும்? இவங்க இத்தனை வருஷமா இதே வேலை பாக்கறவங்க. இருட்டா இருந்தா என்ன? மூக்குக்கு எதுக்குக் கரண்ட்டு?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பூஞ்சை பிடித்த பாட்டிலை முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றவள். கடலை கருகும்போது மணி அடிக்கவில்லை என்றவள். கழுத்தில் புதுக் கடிகாரம். பட்டாசு முதல் முறையாக, பேசியதற்கு வருத்தப்பட்டான்.

“லேபிள் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வா,” என்றார் நிதானம்.

“வேண்டாம் சார். இருக்கட்டும்.” பெரியவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். “நேத்து நீங்க காகிதத்துல தடவிக் காட்டினீங்களே, அப்ப இவளைத் திட்டிட்டுப் போய்ப் படுத்தேன். ராத்திரிதான் தோணுச்சு, அந்தக் கிண்ணத்தை நான் மோந்தே பாக்கலையேன்னு. பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. நடுவுல ஒரு காய்ச்சல் வந்துச்சு சார், அதோட வாசனையே போச்சு. பால் பொங்கினாலும் தெரியல, சோப்பும் தெரியல. நாக்குல உப்பும் இனிப்பும் மட்டும் இருக்கு, மத்தது எல்லாம் மண்ணு. கடலை வறுக்கறப்ப வெறும் கலரைப் பாத்துட்டு நிக்கறேன்.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?” சின்னவள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்கிட்டயா? உன்னை மோந்து பாரு, மோந்து பாருன்னு தலைல குட்டிக் குட்டிப் பழக்கினவ நான். எனக்கே மூக்கு இல்லன்னு எந்த வாயால சொல்றது? அது இல்லன்னா இந்தச் சமையல்கட்டுல நான் யாருடி?” அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “பாட்டில் திரும்பி வந்ததும் பயந்துட்டேன். நம்ம கைதான் தப்பு பண்ணிருச்சோன்னு ஒரு பயம். அது நானா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கிட்டத்துல நீ இருந்த.”

சின்னவளுக்குக் கோபம் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தவள். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“மூக்கு மட்டுந்தானே போச்சு,” என்றாள் கடைசியில். “நாக்குக்கு ஒண்ணும் ஆகல. நேத்துகூட நல்லாத்தான் வேலை செஞ்சுது.”

பெரியவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். சின்னவள் தலையில் குட்டக் கையை ஓங்கி, அப்படியே அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “உன்னைப் போய்ச் சொன்னேனே. நான் பண்ணது பெரிய தப்புடி,” என்றாள். பிறகு நிதானத்திடம் திரும்பினாள். “கடைக்காரர்கிட்ட நானே போறேன் சார். என் கைதான் போட்டுச்சுன்னு சொல்றேன்.”

“டாக்டரையும் ஒரு தடவை பாருங்கம்மா. சில பேருக்குக் கொஞ்ச நாள்ல திரும்பி வரும்னு கேள்விப்பட்டிருக்கேன்,” என்றார் நிதானம்.

“வந்தா வரட்டும். வரலன்னா இவ மூக்கு இருக்கு.”

லேபிள் தம்பி அதற்குள் ஒரு லேபிளை நேராக ஒட்டிவிட்டு, அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். பெரியவள் எழுந்தாள். கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டாள். வாணலியில் புதுக் கடலையைக் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தாள்.

“நீ இங்க வந்து நில்லு. எப்ப எடுக்கணும்னு நீ சொல்லு.”

சின்னவள் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கரண்டி வாணலியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நிதானமும் பட்டாசும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாசு ஏதோ கேட்க வாயெடுத்தான். மாமா சும்மா இரு என்று கையைக் காட்டினார்.

“எடுக்கட்டுமா?”

“இன்னும் கொஞ்சம்க்கா… இன்னும்… இப்ப!”

அடுப்பு அணைந்தது. பெரியவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

சின்னவள் மூச்சை இழுத்தாள். “அடுத்த தெரு வரைக்கும் போகுதுக்கா,” என்றாள்.